ஹென்ரியட்டா லாக்ஸ்: உலகமே பயன்படுத்தும் செல்கள்... அந்தப் பெண்ணிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை!

ஒரு ஆய்வகத்துக்கு ஆராய்ச்சி செய்ய மனித செல்கள் வேண்டும். எங்கே போவார்கள்? இந்தியாவில் என்றால், புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்துக்கு எழுதிக் கேட்கலாம். செல்களைச் சேமித்து வைத்து, தேவைப்படும் ஆய்வகங்களுக்கு அனுப்புவதற்கென்றே அங்கே ஒரு களஞ்சியம் இருக்கிறது. அவர்களிடம் உள்ள செல்களின் பட்டியலில் 'ஹீலா' என்று ஒரு பெயர் இருக்கும். உலகில் எந்தப் பெரிய செல் வங்கியின் பட்டியலை எடுத்தாலும் இந்தப் பெயர் கண்ணில் படும்.

கேட்க ஏதோ கெமிக்கல் பெயர் மாதிரி இருக்கிறது, இல்லையா? உண்மையில் அது ஒரு பெண்ணின் பெயரைச் சுருக்கி ஒட்டிய லேபிள். அவர் ஹென்ரியட்டா லாக்ஸ். ஐந்து குழந்தைகளின் அம்மா. 1951-ல், 31 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். ஆனால் அவர் உடலிலிருந்து எடுத்த செல்கள் இன்றுவரை ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. 1953 முதல் 2018 வரை மட்டும் 1,10,000-க்கும் அதிகமான ஆய்வுக் கட்டுரைகளில் இந்த செல்கள் இடம்பெற்றுள்ளன.

இந்த செல்களை எடுத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. ரத்தம், திசு, டி.என்.ஏ மாதிரிகளை லட்சக்கணக்கில் சேமித்து வைக்கும் 'பயோபேங்க்'குகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், அந்தக் கேட்கப்படாத கேள்விதான் பெரிய கேள்வியாக நிற்கிறது.

யார் இந்த ஹென்ரியட்டா?

1920 ஆகஸ்ட் 1. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரோனோக் என்ற ஊரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் லொரெட்டா பிளசன்ட். அப்புறம் எப்படியோ ஹென்ரியட்டா ஆகிவிட்டது.

அவருக்கு நான்கு வயது இருக்கும்போது, பத்தாவது பிரசவத்தில் அம்மா இறந்துபோனார். இத்தனை பிள்ளைகளைத் தனி ஆளாக வளர்க்க முடியாத அப்பா, குளோவர் என்ற கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், சொந்தக்காரர்களிடம் ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுத்தார். ஹென்ரியட்டா போய்ச் சேர்ந்தது தாத்தா டாமி லாக்ஸ் வீட்டுக்கு. வீடு என்றால், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது. ஒரு காலத்தில் அடிமைகளைத் தங்கவைத்திருந்த இடம் அது.

அந்த வீட்டில் தாத்தாவிடம் வளர்ந்த இன்னொரு பேரன் டேவிட். எல்லோரும் கூப்பிடுவது 'டே' என்று. பிள்ளைகள் இரண்டு பேரும் விடிவதற்கு முன்பே எழுந்து மாடு, கோழிகளைக் கவனித்துவிட்டு, புகையிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். ஹென்ரியட்டாவின் பள்ளிப்படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. 14 வயதில் முதல் குழந்தை லாரன்ஸ் பிறந்தான். நான்கு ஆண்டுகள் கழித்து எல்சி. இந்தப் பெண் குழந்தைக்கு வலிப்பு நோயும் மன வளர்ச்சிக் குறைபாடும் இருந்தன. 1941-ல் ஹென்ரியட்டாவும் டேவும் திருமணம் செய்துகொண்டார்கள்.

புகையிலையில் வயிறு நிறையவில்லை. அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். பால்டிமோர் நகருக்குப் பக்கத்தில் ஸ்பாரோஸ் பாயின்ட் என்ற இடத்தில் இருந்த பிரம்மாண்ட எஃகு ஆலைக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். டே அங்கே வேலைக்குப் போனார். டர்னர் ஸ்டேஷன் என்ற கறுப்பினத்தவர் குடியிருப்பில் குடும்பம் குடியேறியது. அங்கே வந்தபிறகு மேலும் மூன்று குழந்தைகள்: சன்னி, டெபோரா, ஜோசப். எல்சியை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், கறுப்பின மனநோயாளிகளுக்கான அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலைமை.

ஹாப்கின்ஸில் என்ன நடந்தது?

வயிற்றுக்குள் ஏதோ முடிச்சு மாதிரி இருக்கிறது என்று ஹென்ரியட்டா நெருங்கிய உறவுப் பெண்களிடம் ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். ஜோசப் பிறந்த பிறகு, மாதவிலக்கு இல்லாத நாளிலும் ரத்தப்போக்கு. 1951 ஜனவரி 29 அன்று பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார்.

அக்கம்பக்கத்தில் வேறு மருத்துவமனையே இல்லையா என்று கேட்கலாம். இருந்தன. ஆனால் அது நிறப்பிரிவினை சட்டப்படியே நடந்த காலம். காசில்லாத கறுப்பின நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் பெரிய மருத்துவமனை அந்தப் பகுதியில் ஹாப்கின்ஸ்தான். அங்கேயும் கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு, தனிக் குடிநீர்க் குழாய்.

பரிசோதித்தவர் டாக்டர் ஹோவர்டு ஜோன்ஸ். (பிற்காலத்தில் அமெரிக்காவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமாக இருந்த அதே மருத்துவர்.) கருப்பை வாயில் ஒரு கட்டி இருப்பதைப் பார்த்தார். புற்றுநோய் என்று உறுதியானது.

அன்றைக்கு இருந்த சிகிச்சை ரேடியம். கதிர்வீச்சு வெளியிடும் இந்தத் தனிமத்தைச் சின்னக் குழாய்களில் அடைத்து, கருப்பை வாயில் வைத்துத் தைத்துவிடுவார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் ஹென்ரியட்டா அறுவை சிகிச்சைக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சிகிச்சை செய்யவும் மயக்க மருந்து கொடுக்கவும் சம்மதம் என்பது மட்டும்தான் அந்தப் படிவம். ஆராய்ச்சி பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது.

மயக்கத்தில் இருந்தபோது, ரேடியம் வைப்பதற்கு முன்னால், மருத்துவர் இரண்டு சின்னத் துண்டுகளை வெட்டி எடுத்தார். ஒன்று புற்றுக்கட்டியிலிருந்து. இன்னொன்று பக்கத்தில் இருந்த நல்ல திசுவிலிருந்து. சிகிச்சைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அப்புறம் எதற்கு எடுத்தார்கள்? ஹாப்கின்ஸின் மகளிர் நோய்த் துறைத் தலைவர் ரிச்சர்ட் டெலிண்ட், கருப்பை வாய்ப் புற்றுநோய் எப்படி ஆரம்பித்து எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தார். அதற்கு உடலுக்கு வெளியே வளரும் செல்கள் வேண்டும். அதனால் இந்த நோயோடு வரும் பெண்களிடமிருந்து மாதிரி எடுத்து, திசு வளர்ப்பு ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அவருடைய நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பல பெண்களின் உயிர் அதில் அடங்கியிருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1951-ல் இது சட்டவிரோதம் இல்லை. சிகிச்சைக்கு வந்தவர்களிடம் கேட்காமல் மாதிரி எடுப்பதை அமெரிக்க மருத்துவமனைகள் பலவும் சர்வசாதாரணமாகச் செய்துவந்தன. ஒருவரும் கேட்கவில்லை, ஏன்னா கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சாகாத செல்கள்... எப்படி?

அந்தத் திசு ஆய்வகத்தை நடத்தியவர் ஜார்ஜ் கெய். மனித செல்களை உடலுக்கு வெளியே நிரந்தரமாக வளர்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருந்தார். கோழி ரத்தத்தின் பிளாஸ்மா, கன்றுக் கருவின் சாறு, தொப்புள்கொடி ரத்தம் எல்லாவற்றையும் கலந்து செல்களுக்கு உணவு தயாரிப்பார். குழாய்களை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும் ஒரு உருளையையும் வடிவமைத்திருந்தார். ஆனாலும் மனித செல்கள் கொஞ்ச நாளில் செத்துவிடும். அதுதான் வழக்கம்.

ஹென்ரியட்டாவின் திசு வந்தபோது, ஆய்வக உதவியாளர் மேரி குபிசெக் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லாமல்தான் அதை நறுக்கிக் குழாய்களில் போட்டார். ஆய்வக வழக்கப்படி நோயாளியின் முதல் பெயரிலிருந்து இரண்டு எழுத்து, குடும்பப் பெயரிலிருந்து இரண்டு எழுத்து எடுத்து லேபிள் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதிய அந்த நான்கு எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஹீலா.

நல்ல திசுவின் செல்கள் எதிர்பார்த்தபடியே செத்தன. புற்றுநோய் செல்கள் சாகவில்லை. ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகின. இடம் கொடுத்தால் இன்னும் வளர்ந்தன. மனித செல்களில் முதன்முறையாக ஒரு 'சாகா வரம் பெற்ற' செல் வரிசை உருவாகிவிட்டது.

காரணம் என்ன? அப்போது யாருக்கும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்துத்தான் விடை கிடைத்தது. நம் செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் குரோமோசோமின் நுனிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ரொம்பத் தேய்ந்ததும் செல் பிரிவதை நிறுத்திவிடும். ஹீலா செல்களில் டெலோமரேஸ் என்ற நொதி அந்த நுனிகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ஹியூமன் பாப்பிலோமா வைரஸின் 18-ம் வகை ஹென்ரியட்டாவின் செல்லுக்குள் புகுந்து, தன் டி.என்.ஏ-வை அதனுடைய டி.என்.ஏ-வில் நுழைத்திருந்தது. செல் கட்டுப்பாடில்லாமல் பிரியாதபடி பார்த்துக்கொள்ளும் பிரேக்குகளை இந்த வைரஸ் செயலிழக்கச் செய்துவிடும். மனித செல்லில் 46 குரோமோசோம்கள் இருக்க வேண்டும். ஹீலாவில் 80-ஐ நெருங்கும்.

பிணத்துக்கு அனுமதி கேட்டார்கள்!

ஆய்வகத்தில் செல்கள் பெருகிக்கொண்டிருந்த அதே மாதங்களில், ஹென்ரியட்டாவின் உடலுக்குள்ளும் புற்றுநோய் அதே வேகத்தில் பரவிக்கொண்டிருந்தது. ரேடியத்துக்குப் பிறகு எக்ஸ்ரே சிகிச்சை. தினமும் போய் வந்தார். வயிற்றுத் தோல் கருகிப்போனது. ஆகஸ்டில் மருத்துவமனையில் சேர்ந்தவர் வீடு திரும்பவே இல்லை. 1951 அக்டோபர் 4 அன்று இறந்தார். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை.

இறந்த பிறகு உடற்கூறாய்வு செய்ய மருத்துவமனை கணவரிடம் அனுமதி கேட்டது. டே முதலில் மறுத்தார். பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு உதவும் என்று சொன்னதால் சம்மதித்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இறந்தவர் உடலிலிருந்து திசு எடுக்கக் குடும்பத்தின் அனுமதி தேவை என்று அன்றே விதி இருந்தது. உயிரோடு இருக்கும் நோயாளியிடமிருந்து எடுக்க அப்படி எந்த விதியும் இல்லை. பிப்ரவரியில் உயிரோடு இருந்த ஹென்ரியட்டாவிடம் கேட்காத மருத்துவமனை, அக்டோபரில் அவர் சடலத்துக்காகக் கேட்டது. கேட்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள்.

உடற்கூறாய்வு நடந்த அறைக்கு மேரி குபிசெக்கும் மாதிரி வாங்கப் போயிருந்தார். உடலின் கால்விரல்களில் பூசியிருந்த சிவப்பு நெயில் பாலிஷ் அங்கங்கே உதிர்ந்துபோயிருந்ததைப் பார்த்தார். இத்தனை மாதங்களாகத் தான் வளர்த்துவந்த செல்களுக்குச் சொந்தக்காரர், உட்கார்ந்து நகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்ட ஒரு பெண் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஹென்ரியட்டாவைச் சொந்த ஊரான குளோவரில் புதைத்தார்கள். கல்லறைக்குக் கல்கூட இல்லை. 2010-ல்தான் ஒன்று வைக்கப்பட்டது. அம்மா போனபிறகு எல்சியைப் பார்க்கப் போக யாரும் இல்லை. அவள் 1955-ல் அந்த மனநல மருத்துவமனையிலேயே இறந்தாள். வயது 15.

போலியோ முதல் விண்வெளி வரை

ஜார்ஜ் கெய் இந்த செல்களை விற்கவில்லை, காப்புரிமையும் வாங்கவில்லை. கேட்ட விஞ்ஞானிகளுக்கெல்லாம் இலவசமாக அனுப்பிவைத்தார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச காலத்திலேயே ஹீலா உலகம் சுற்ற ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் அமெரிக்காவையே பயமுறுத்திக்கொண்டிருந்தது போலியோ. ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பெரிய அளவில் சோதிக்க, போலியோ வைரஸ் எளிதில் தொற்றக்கூடிய செல்கள் கோடிக்கணக்கில் வேண்டும். குரங்கு செல்களுக்குச் செலவு அதிகம். ஹீலாவோ எவ்வளவு வேண்டுமானாலும் வளரும். 1953-ல் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ கல்வி நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு தயாரிப்பு மையம் தொடங்கியது. கறுப்பின விஞ்ஞானிகளும் தொழில்நுட்பப் பணியாளர்களும் நடத்திய அந்த மையம், உச்சத்தில் வாரத்துக்கு 20,000 குழாய்கள் வரை ஹீலா செல்களை அனுப்பியது. 1955-ல் சால்க் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது.

அதே டஸ்கிகீயில் அதே காலத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. சிஃபிலிஸ் நோய் இருந்த நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களை, பென்சிலின் கிடைத்த பிறகும் சிகிச்சை கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. 1932-ல் தொடங்கிய இந்தக் கொடுமை 1972-ல் அம்பலமான பிறகே நின்றது. ஒரு பக்கம் குழந்தைகளைக் காப்பாற்றும் தடுப்பூசிக்கான வேலை, இன்னொரு பக்கம் இது. இரண்டிலும் பயன்பட்ட உடல்கள் கறுப்பினத்தவருடையவை. இரண்டிலும் உள்ளதைச் சொல்லி யாரும் அனுமதி வாங்கவில்லை.

ஹீலாவின் பட்டியல் நீளமானது. 1955-ல் ஒரே ஒரு செல்லிலிருந்து ஒரு முழுக் கூட்டத்தையே வளர்த்துக் காட்டினார்கள். 1960-ல், யூரி ககாரினுக்கு முன்பே, சோவியத் விண்கலத்தில் ஏறி ஹீலா விண்வெளிக்குப் போனது. கதிர்வீச்சு, நச்சுப்பொருள், புற்றுநோய் மருந்து என எதைச் சோதிப்பதாக இருந்தாலும் முதலில் தேடப்படுவது ஹீலாதான்.

இன்னொரு முக்கியமான கண்டுபிடிப்பு 1980களில் வந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்று ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் நிரூபித்தார். அவருடைய குழு அந்த வைரஸின் 18-ம் வகையைக் கண்டறிந்த இடங்களில் ஒன்று ஹீலா. இந்தக் கண்டுபிடிப்புக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று பெண் குழந்தைகளுக்குப் போடப்படும் எச்பிவி தடுப்பூசிக்கு அடித்தளம் இதுதான். 2023-ல் அறிமுகமான இந்தியத் தயாரிப்பான செர்வாவேக்கும் இந்த வரிசையில் வருவதே. ஹென்ரியட்டாவைக் கொன்ற நோயைத் தடுக்க, அவருடைய செல்களே வழி காட்டியிருக்கின்றன.

பெயரைக்கூட மாற்றினார்கள்

சரி, இவ்வளவு நடந்தது. அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

1950களில் பத்திரிகைகள் ஹீலா யார் என்று துருவ ஆரம்பித்தபோது, ஹெலன் லேன் என்றும் ஹெலன் லார்சன் என்றும் பொய்ப்பெயர்கள் உலவின. பல ஆண்டுகள் பாடப்புத்தகங்கள்வரை அந்தப் பெயர்களே போயின. 1970-ல் ஜார்ஜ் கெய்யும் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் எழுதிய கட்டுரையில்தான் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற சரியான பெயர் ஒரு மருத்துவ இதழில் அச்சானது.

இதற்கிடையில் விஞ்ஞானிகளுக்கு ஒரு தலைவலி. ஹீலா செல்கள் ரொம்பவே வீரியமானவை. சரியாகக் கழுவாத கருவி, கையுறை எதன் வழியாகவும் அடுத்த குழாய்க்குள் புகுந்து, அங்கே இருக்கும் செல்களை ஓரங்கட்டிவிட்டுத் தாங்கள் நிறைந்துவிடும். 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியல் விஞ்ஞானி, வெவ்வேறு மனிதர்களின் செல்கள் என்று நம்பப்பட்ட 18 செல் வரிசைகளில் இருப்பது உண்மையில் ஹீலாதான் என்று சொல்லிக் குண்டைப் போட்டார். கல்லீரல் செல் என்று நினைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது, கடைசியில் ஹென்ரியட்டாவின் கருப்பை வாய் செல்!

எது ஹீலா, எது ஹீலா இல்லை என்று பிரித்தறிய ஒரு வழி, அவருடைய பிள்ளைகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அதற்காகத்தான் குடும்பத்தைத் தேடினார்கள்.

1973: குடும்பத்துக்கு வந்த தகவல்

அந்த ஆண்டு லாரன்ஸின் மனைவி ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே வந்திருந்த ஒரு விருந்தாளி புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். லாக்ஸ் என்ற பெயரைக் கேட்டதும், தன் ஆய்வகத்தில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்பவரின் செல்கள் இருப்பதாகச் சொன்னார். தன் மாமியாரின் செல்கள் உயிரோடு இருக்கும் செய்தி, இறந்து 22 ஆண்டுகள் கழித்து, இப்படித்தான் அந்த வீட்டுக்கு வந்தது.

சீக்கிரமே ஹாப்கின்ஸிலிருந்தும் அழைப்பு வந்தது. ரத்தம் வேண்டும் என்றார்கள். எதற்கு என்று புரியும்படி யாரும் விளக்கவில்லை. அம்மாவைக் கொன்ற புற்றுநோய் தங்களுக்கும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுக்கிறார்கள் என்று குடும்பம் நினைத்துக்கொண்டது. மகள் டெபோராவுக்கு அப்போது 20களின் நடுப்பகுதி. அம்மா இறந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும் என்று பயந்துகொண்டே காத்திருந்தார். அப்படி ஒரு பரிசோதனையே நடக்கவில்லை. அதனால் முடிவும் வரவில்லை.

இந்த முறை கேட்கத்தான் செய்தார்கள். ஆனால் புரியவைக்காமல் கேட்டார்கள். சம்மதம் என்பது கையை நீட்டுவது மட்டும் இல்லை, எதற்காக நீட்டுகிறோம் என்று தெரிந்திருப்பதும் சேர்ந்ததுதான் என்ற பாடம் இங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு 1980களில் ஹென்ரியட்டாவின் மருத்துவக் குறிப்புகளும் குடும்பத்தின் அனுமதி இல்லாமலே ஒரு புத்தகத்தில் வெளியாகின. அம்மா எவ்வளவு வலியில் செத்தார் என்பதை டெபோரா அந்த அச்சில்தான் படித்தார். நிறுவனங்கள் ஹீலாவைக் குப்பியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தன. குடும்பத்தில் சிலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கக்கூட வசதியில்லை.

2001-ல் ஹாப்கின்ஸ் விஞ்ஞானி ஒருவர் டெபோராவையும் அவர் தம்பியையும் தன் ஆய்வகத்துக்கு அழைத்தார். உறைநிலைப் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து டெபோராவின் கையில் கொடுத்தார். ஒரு வயது பத்து மாதம் இருக்கும்போது அம்மாவை இழந்த அந்தப் பெண், சில்லிட்ட குப்பியைக் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடேற்றினார். பிறகு மைக்ரோஸ்கோப் வழியாக அம்மாவின் செல்கள் பிரிவதைப் பார்த்தார்.

நம் செல்கள் நமக்குச் சொந்தமா?

சட்டம் என்ன சொல்கிறது? கேட்டா ஆச்சரியமாக இருக்கும். ஜான் மூர் என்பவருக்கு ரத்தப் புற்றுநோய். 1976-ல் அவருடைய மண்ணீரலை அகற்றினார்கள். அதிலிருந்து ஒரு செல் வரிசையை உருவாக்கிய மருத்துவர், மூருக்குத் தெரியாமல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். வழக்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம்வரை போனது. 1990-ல் வந்த தீர்ப்பு: உடலிலிருந்து எடுத்த பிறகு அந்த செல்கள் மீது நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை. ஆனால் தனக்கு இதில் ஆராய்ச்சி லாபமோ பண லாபமோ இருக்கிறது என்றால் மருத்துவர் அதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் ஆராய்ச்சிக்கான கூட்டாட்சி விதிகள் 2017-ல் திருத்தப்பட்டன. பெயர், அடையாளம் நீக்கிய மாதிரிகளுக்கும் ஒப்புதல் கட்டாயம் என்ற யோசனை அப்போது முன்வைக்கப்பட்டது. இறுதி விதியில் அது சேர்க்கப்படவில்லை.

கேட்டபோது என்ன சொன்னார்கள்?

2010-ல் பத்திரிகையாளர் ரெபெக்கா ஸ்க்ளூட் எழுதிய புத்தகம் ஹென்ரியட்டாவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதைப் பார்க்க டெபோரா இல்லை. முந்தைய ஆண்டு இறந்துபோயிருந்தார். 2017-ல் ஓப்ரா வின்ஃப்ரே நடிப்பில் படமாகவும் வந்தது.

ஆனாலும் பழைய கதை 2013-ல் மறுபடி நடந்தது. மார்ச் மாதம் ஐரோப்பிய ஆய்வுக்குழு ஒன்று ஹீலாவின் முழு மரபணுத் தொகுதியையும் இணையத்தில் வெளியிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. விதிப்படி கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சிக்கல் என்னவென்றால், ஹென்ரியட்டாவின் டி.என்.ஏ அவரோடு முடிந்துபோகவில்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகளிடம் அதன் பகுதிகள் இருக்கின்றன. அவர்களுக்கு எந்த நோய் வர வாய்ப்பு என்பதற்கான குறிப்புகளை யார் வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

குடும்பம் எதிர்ப்பு தெரிவித்ததும் விஞ்ஞானிகள் தரவுகளை விலக்கிக்கொண்டார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் அன்றைய தலைவர் பிரான்சிஸ் காலின்ஸ் குடும்பத்தோடு நேரில் உட்கார்ந்து பேசினார். எல்லாவற்றையும் விளக்கினார். என்ன செய்யலாம் என்று கேட்டார்.

ஹீலா ஆராய்ச்சியை நிறுத்துங்கள் என்று குடும்பம் சொல்லவில்லை. தரவுகள் பயன்படட்டும், ஆனால் விண்ணப்பித்து அனுமதி வாங்கிய பிறகு பயன்படட்டும் என்றது. 2013 ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிவானது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்திலிருந்து இரண்டு பேர். கட்டுரைகளில் ஹென்ரியட்டாவுக்கு நன்றி குறிப்பிடப்பட வேண்டும். பணம் எதுவும் கைமாறவில்லை. முதல் மாதிரி எடுத்து 62 ஆண்டுகள் கழித்து வந்த ஏற்பாடு இது.

பணக் கணக்கு தனியாக நீதிமன்றத்துக்குப் போனது. 2021-ல் தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் மீது குடும்பம் வழக்குத் தொடுத்தது. 2023-ல், ஹென்ரியட்டாவின் 103-வது பிறந்தநாள் அன்று, சமரசம் ஏற்பட்டது அறிவிக்கப்பட்டது. விவரங்கள் ரகசியம். 2021-ல் உலக சுகாதார நிறுவனமும் ஹென்ரியட்டாவைக் கௌரவித்து, விருதை மூத்த மகன் லாரன்ஸிடம் கொடுத்தது.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

பயோபேங்க் என்பது ரத்தம், திசு, டி.என்.ஏ மாதிரிகளை அவற்றைக் கொடுத்தவரின் உடல்நலத் தகவல்களோடு சேர்த்துப் பாதுகாக்கும் இடம். மைனஸ் 80 டிகிரி உறைநிலைப் பெட்டியிலோ, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலோ வைத்தால் பல ஆண்டுகள் கெடாது. பிரிட்டனின் யுகே பயோபேங்க்கில் ஐந்து லட்சம் பேரின் மாதிரிகள் இருக்கின்றன. அவர்கள் விரும்பித் தந்தவர்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சென்னை ஐஐடியில் தேசிய புற்றுநோய்த் திசு பயோபேங்க் இயங்குகிறது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டமும் ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தால் நடந்ததுதான்.

இப்படிப்பட்ட சேமிப்பு இல்லாமல் நவீன மருத்துவம் நகராது. குறிப்பாக இந்தியர்களின் மாதிரிகள் இருந்தால்தான், இந்தியர்களுக்கு எந்த மருந்து ஒத்துவரும் என்று சொல்ல முடியும். அதனால் கொடுக்காமல் இருப்பது தீர்வு இல்லை. தெரிந்து கொடுப்பதுதான் விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் பயோபேங்க்குக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் நீட்டப்படும் பேப்பர் கட்டில், எடுக்கும் திசுவை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்வது பற்றியும் ஒரு பக்கம் இருக்கலாம். பதற்றத்தில் பலரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவோம். ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்கலாம். ஒரே ஒரு ஆய்வுக்கா, இல்லை எதிர்காலத்தில் வரும் எல்லா ஆய்வுக்குமா? வெளி நிறுவனங்களுக்குக் கொடுப்பார்களா? என் பெயரோடு இணைத்து வைப்பார்களா? எனக்கோ என் குடும்பத்துக்கோ தெரிய வேண்டிய ஆபத்து ஏதாவது கண்டுபிடித்தால் சொல்வார்களா? பின்னால் மனம் மாறினால் விலகலாமா? விலகினாலும், அதற்குள் நடந்து முடிந்த ஆய்விலிருந்து பெரும்பாலும் தரவைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் முதலிலேயே கேட்பது முக்கியம். ஆராய்ச்சிக்கு மாட்டேன் என்று சொன்னால் சிகிச்சை நின்றுவிடக் கூடாது என்பதும் நெறிமுறைதான்.

ஹென்ரியட்டா பிறந்த ரோனோக் நகரில், 2023 அக்டோபர் 4 அன்று அவருக்கு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் நினைவுச் சின்னம் முன்பு இருந்த இடம் அது. இப்போது அந்தச் சதுக்கத்துக்கு லாக்ஸ் பெயர்.

2013-ல் குடும்பத்திடம் கேட்டார்கள், விளக்கினார்கள், சம்மதம் கிடைத்தது. ஆராய்ச்சி எதுவும் நின்றுபோகவில்லை. 1951-ல் அந்த அம்மாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அதை இனி எந்த ஆய்வகத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.